ஏழாம் லேனில் ஒரு கோரைப்பாய்

சும்மா இருப்பது எனக்குக் கைவராத கலை. யாராவது "கொஞ்சம் சும்மா இரேன்" என்றால், எப்படி இருக்க வேண்டும், கையை எங்கே வைத்துக்கொள்ள வேண்டும், எவ்வளவு நேரம் என்று கேள்வி மேல் கேள்வி கேட்பேன். பள்ளிக்கூடத்தில் பிரேயர் முடிவதற்குள் நின்ற இடத்திலிருந்து நகர்ந்து நகர்ந்து பக்கத்து வகுப்பு வரிசையில் போய்ச் சேர்ந்தவள் நான். ஆபீஸ் பஸ்ஸில் உட்கார்ந்தால் என் கால் ஆடும். அந்த ஆட்டத்தில் முன் சீட்டுக்காரர் தூக்கம் கலைந்து திரும்பிப் பார்ப்பார். இப்படிப்பட்டவள் ஒரு துப்பாக்கி சுடும் போட்டியில் கலந்துகொண்டேன் என்று சொன்னால், கேட்பவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "யாருக்கும் ஒண்ணும் ஆகலையே?"

உயிர்ச்சேதம் இல்லை. மற்ற எல்லாச் சேதமும் உண்டு.

பிரபுவும் நானும் நாவலூரில் ஒரே ஆபீஸ். காபி மெஷின் பக்கத்தில் ஆரம்பித்த பழக்கம் கல்யாணப் பேச்சு வரைக்கும் வந்துவிட்டது. எங்கள் வீட்டில் சம்மதம். அவன் அப்பா சம்மதம். பாக்கி இருந்தது அவன் அம்மா, வசந்தா ஆன்ட்டி.

ஆன்ட்டிக்கு வங்கியில் வேலை. ஞாயிற்றுக்கிழமையானால் வண்டலூர் தாண்டி உள்ளே இருக்கும் ஒரு ரைஃபிள் கிளப்பில், தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு, ஐம்பது மீட்டர் தள்ளியிருக்கும் அட்டையைச் சுடுவார். (படுத்துக்கொண்டே ஆடுகிற விளையாட்டு ஒன்று இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். முன்பே தெரிந்திருந்தால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் காலேஜ் சேர்ந்திருப்பேன்.) கல்லூரி நாளில் என்.சி.சி.யில் பிடித்த துப்பாக்கியைக் கல்யாணம், குழந்தை என்று விட்டுவிட்டு, பையன் வேலைக்குப் போன பிறகு மறுபடி கையில் எடுத்தவர். மாநிலப் போட்டிக்குத் தகுதி பெற வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. அதற்கு முந்தைய வருடம் அது கைக்கு எட்டியும் வாய்க்கு எட்டாமல் போயிருந்தது.

சேலையூரில் அவர்கள் வீட்டுக்கு நான் முதன்முதலாகப் போன அன்று ஆன்ட்டி எதிர் சோபாவில் உட்கார்ந்து என்னைப் பார்த்தார். வெறுமனே பார்த்தார், அவ்வளவுதான். யாராவது அப்படி அசையாமல் பார்த்தால் எனக்குப் படபடப்பு வந்துவிடும். எழுந்து, கோணலாகத் தொங்கிய காலண்டரை நேராக்கினேன். ஃபேனைக் குறைத்தேன். பிறகு கூட்டினேன். நானே ஃப்ரிட்ஜைத் திறந்து தண்ணீர் எடுத்துக் குடித்தேன். கிளம்பும்போது, நேராக்கிய காலண்டரை இன்னும் கொஞ்சம் நேராக்கப் போய், அது ஆணியோடு கையில் வந்துவிட்டது.

தீர்ப்பை மறுநாள் பிரபு வந்து சொன்னான்.

"நல்ல பொண்ணுதான், ஆனா ஒரு எடத்துல இருக்க மாட்டேங்குதேன்னாங்க."

"அப்புறம்?"

"தகுதிப் போட்டி முடியட்டும், அப்புறமா சொல்றேன்னாங்க."

தகுதிப் போட்டிக்கு இன்னும் ஒன்றரை மாதம் இருந்தது. வேறு எந்தப் பெண்ணாக இருந்தாலும் ஒன்றரை மாதம் வீட்டில் காத்திருந்திருப்பாள். எனக்குத்தான் காத்திருக்க வராதே. நேராகப் போய் அதே கிளப்பில் சேர்ந்துவிட்டேன்.

"அவங்க மனசுல எடம் பிடிக்கணும்னா அவங்க பக்கத்துல போய்ப் படுக்கணும் பிரபு," என்றேன்.

"இந்த வாக்கியத்த தயவுசெஞ்சு வெளியில எங்கயும் சொல்லாத," என்றான் அவன்.

கிளப்பில் எல்லாவற்றுக்கும் தனசேகர் சார்தான். பழைய பி.டி. மாஸ்டர். அவர் மைக் பிடித்து நான் பார்த்ததில்லை, தேவைப்படவில்லை. அவர் "ஸ்டார்ட்" என்று சொன்னால் பக்கத்து மரத்து மயில்கள் இடம் மாறி உட்காரும். "மூச்ச விடு, பாதியில நிறுத்து, ஒடம்ப மறந்துடு, அப்புறம் சுடு," என்பார் ஒவ்வொரு ஞாயிறும். மூச்சை விட்டுவிடுவேன். மற்றதற்கெல்லாம் பொறுமை ஏது? குறி பார்க்கும் சைட்டில் அட்டையின் கறுப்பு வட்டம் வந்ததோ இல்லையோ, டப் என்று சுட்டுவிடுவேன். ஆச்சரியம் என்னவென்றால் அது பல நேரம் நடுவில் போய்ப் பட்டது. அசையாமல் இருந்து சுடுவது மற்றவர்கள் திறமை. அசைவதற்குள் சுட்டுவிடுவது என் திறமை. தனசேகர் சார் அட்டையைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், அடுத்தவரிடம் போய்விடுவார்.

தகுதிப் போட்டி நாளிலேயே புதியவர்களுக்கும் தனியாக ஒரு சின்னப் போட்டி என்றார்கள். பேர் கொடுத்துவிட்டேன். அப்போதுதான் உபகரணம் என்கிற பிரச்சினை வந்தது. துப்பாக்கி கிளப்புடையது. மற்றது எல்லாம் அவரவர் பாடு. மற்றவர்கள் கல்யாணச் சீர் கொண்டு வருவது போலப் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து இறக்குவார்கள். தானாகவே நிற்கும் விறைப்பான ஜாக்கெட், தனிக் கையுறை, குண்டு எங்கே பட்டது என்று பார்க்க ஒரு குட்டி டெலஸ்கோப். ஒவ்வொன்றின் விலையையும் கேட்டுவிட்டு, எனக்குக் குறைந்தபட்ச உபகரணமே போதும் என்று கொள்கை முடிவு எடுத்தேன்.

ஆபீசில் ஊட்டிக்குக் கூட்டிப்போனபோது வாங்கிய குளிர் ஜாக்கெட் இருந்தது. துப்பாக்கியைத் தாங்கும் இடது கைக்கு, மைக்ரோவேவிலிருந்து சூடாகப் பாத்திரம் எடுக்கும் கையுறை. (அதில் ஸ்ட்ராபெர்ரி படம் போட்டிருக்கும். குண்டுக்கு அது தெரியவா போகிறது?) கிளப்பின் ரப்பர் விரிப்புகள் பல தலைமுறை வியர்வையைக் கண்டவை. எனவே படுக்க, வீட்டிலிருந்து ஒரு கோரைப்பாய். டெலஸ்கோப் வேண்டாம். சுட்டது எங்கே பட்டது என்று தெரிந்தால்தானே கவலை!

காது விஷயத்தில் மட்டும் தனசேகர் சார் விடவில்லை. நான் பஞ்சை உருட்டி வைத்துக்கொண்டு போய் நின்றேன்.

"இன்னாம்மா இது? பஞ்சு காதுவலிக்கு வைக்கிறது. வெடிச் சத்தத்துக்கு ஆகாது. காது போச்சுன்னா திரும்பி வராது, தெரியும்ல? காத முழுசா மூடுற மஃப் இல்லாம என் லேன்ல ஒருத்தரும் படுக்கக் கூடாது."

காதுக்குள் திருகி வைக்கும் சின்ன அடைப்பானையும் முயன்று பார்த்தேன். இரண்டு முறை தலையை ஆட்டினால் விழுந்துவிடும். நான் ஆட்டாமல் இருக்க வேண்டுமே! அப்போதுதான் அக்கா வீட்டுக்காரரின் நினைவு வந்தது. மாமாவுக்குத் திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் தகடு தட்டும் பிரஸ் ஷாப். அவர் அப்பா நெல் விளைத்தார், இவர் வாஷர் தட்டுகிறார். அந்த மெஷின்கள் பக்கத்தில் நின்றால் நாம் நினைப்பதே நமக்குக் கேட்காது. அதனால் அங்கே எல்லோர் தலையிலும் மஞ்சள் நிறத்தில் பெரிய காது மஃப் இருக்கும்.

"துப்பாக்கி சுடப் போறியாமே? அக்கா சொல்லிச்சு," என்று மாமா புதிதாக ஒன்றை எடுத்துத் தந்தார். "இத்த மாட்டிக்கினா இடியே வுழுந்தாலும் உனுக்குத் தெரியாது. கம்பெனிக்காரன் கேரண்டி இல்ல, நான் கேரண்டி."

"ரொம்பப் பெருசா இருக்கே மாமா."

"உன் வாய்க்கு இது சிறுசும்மா."

போட்டி நாள் காலையிலேயே வானம் கறுத்துவிட்டது. மழை வருவதற்குள் முடிக்க வேண்டும் என்று தனசேகர் சார் புதியவர்களையும் தகுதிப் போட்டிக்காரர்களோடு சேர்த்துப் படுக்க வைத்தார். லேன் என்றால் ஆளுக்குப் படுக்க ஓர் இடம், எதிரே ஓர் அட்டை. எனக்கு ஏழாவது லேன். எட்டாவது லேனில் வசந்தா ஆன்ட்டி. பின்னால் கட்டியிருந்த கயிற்றுக்கு அந்தப் பக்கம் பிரபு நின்றுகொண்டு, இரண்டு கையாலும் "வேண்டாம்" என்பது போல ஏதோ சைகை காட்டினான். வாழ்த்து என்று எடுத்துக்கொண்டேன்.

ஆன்ட்டி என் பாயைப் பார்த்தார். ஸ்ட்ராபெர்ரியைப் பார்த்தார். தலையில் இருந்த மஞ்சள் பூதத்தைப் பார்த்தார். பிறகு, "ஆல் தி பெஸ்ட்," என்றார். அவர் என்னிடம் தானாகப் பேசிய முதல் சொல் அது. எனக்குச் சந்தோஷத்தில் இருப்புக் கொள்ளவில்லை.

இருப்புக் கொள்ளாததுதான் வினை. அந்தத் தரை வழவழவென்று தேய்த்த சிமெண்டுத் தரை. அதன் மேல் புதுக் கோரைப்பாய். பாயின் மேல் நான். முழங்கையைக் கொஞ்சம் நகர்த்துவேன். காலைக் கொஞ்சம் மாற்றி வைப்பேன். கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையில் வைத்தால் மஃப் இடிக்கும். தலையைத் தூக்கி அதைச் சரிசெய்வேன். அப்படி நெளிகிற ஒவ்வொரு முறையும் பாய் என்னையும் ஏற்றிக்கொண்டு ஒரு விரற்கடை வலப்பக்கம் திரும்பியிருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. சைட்டின் சின்ன ஓட்டை வழியாகப் பார்த்தால் உலகத்தில் ஒரு கறுப்பு வட்டம்தான் தெரியும். எல்லா லேனிலும் அதே வட்டம்தான். லேன் நம்பரை வட்டத்துக்குள்ளா எழுதியிருக்கிறார்கள்?

அட்டைக்கு ஐந்து குண்டு. கடைசி அட்டை. அப்போதுதான் அது நடந்தது. மஃப் ஒருவழியாகத் தலையில் சரியாக உட்கார்ந்தது. சத்தம் நின்றது. என் மூச்சு மட்டும் உள்ளே போய் வந்தது. கால் ஆடவில்லை. மூக்கு அரிக்கவில்லை. அடுப்பை அணைத்தோமா, மேனேஜருக்கு மெயில் போட்டோமா என்று எதுவும் தோன்றவில்லை. பிறந்ததிலிருந்து முதன்முறையாக நான் சும்மா இருந்தேன். என்ன சுகம்! இதற்காகத்தான் இந்த மனுஷி ஞாயிறுதோறும் வருகிறாரா என்று புரிந்து, அந்த நிமிடமே ஆன்ட்டி மேல் எனக்கு அன்பு பெருகிவிட்டது. நிதானமாகக் குண்டு போட்டேன், சுட்டேன். மறுபடி போட்டேன், சுட்டேன்.

வெளியே நடந்ததைப் பிரபு சொல்லித்தான் தெரியும்.

ஆன்ட்டி ஐந்தையும் சுட்டுவிட்டு டெலஸ்கோப்பில் தன் அட்டையைப் பார்த்திருக்கிறார். தான் சுடாத ஓர் ஓட்டை அதில் இருந்திருக்கிறது. கையைத் தூக்கியிருக்கிறார். தனசேகர் சார் "ஸ்டாப்!" என்று கத்தியிருக்கிறார். எல்லா லேனும் சட்டென்று நின்றுவிட்டது. முழு அமைதி. அந்த அமைதியில் டப் என்று ஒரு சத்தம். ஏழாவது லேன். "லேன் ஏழு! ஸ்டாப்! ஏம்மா ஏழு!" என்று அவர் தொண்டை கிழியக் கத்த, கயிற்றுக்குப் பின்னால் இருந்த கூட்டமும் சேர்ந்து "ஏய் பொண்ணே, ஸ்டாப்!" என்று கத்த, மறுபடி டப். மயில்கள் எல்லாம் பறந்துவிட்டனவாம். பிரபு "பவானீ!" என்று அலறியது ஜி.எஸ்.டி. ரோடு வரை கேட்டிருக்கும் என்கிறான். எனக்குக் கேட்கவில்லை. நான் ஆனந்தத்தில் இருந்தேன்.

துப்பாக்கி பிடித்திருப்பவளைத் திடீரென்று பிடித்து இழுக்கவா முடியும்? தனசேகர் சார் பின்பக்கமாக வந்து, பாயோரம் மண்டியிட்டு, என் குதிகாலை மெதுவாகத் தட்டியிருக்கிறார். கிளப்பில் நாய்கள் உண்டு. நாய்தான் முகர்ந்து பார்க்கிறது என்று நினைத்து, கண்ணை வட்டத்திலிருந்து எடுக்காமலே காலை ஓர் உதறு உதறினேன். சாரின் மூக்குக்கண்ணாடி ஒன்பதாவது லேனில் போய் விழுந்தது.

மஃபைக் கழற்றினேன். அதற்கு முன் அவ்வளவு பேர் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்ததில்லை. பிற்பாடு கல்யாண மேடையில்கூட இல்லை.

எட்டாவது லேனின் அட்டையைக் கொண்டுவந்து மேஜை மேல் வைத்தார்கள். ஐந்து ஓட்டை இருக்க வேண்டிய இடத்தில் எட்டு இருந்தது. எல்லாம் ஒரே அளவு. எது யாருடையது என்று எந்தக் கொம்பனாலும் சொல்ல முடியாது. தனசேகர் சார் வளைந்த கண்ணாடியை மாட்டிக்கொண்டு விதிப்புத்தகத்தைப் பார்த்தார். ஏழாம் லேனுக்குக் கடைசி அட்டையில் பூஜ்ஜியம். அது எதிர்பார்த்ததுதான். ஆனால் எட்டாம் லேனுக்கு? இப்படிக் கலந்துபோனால், இருப்பதில் நல்ல ஐந்தை அந்தப் போட்டியாளருக்கே கொடுத்துவிட வேண்டுமாம்.

"மேடம், அப்படிப் போட்டா நீங்க தகுதி," என்றார் அவர். "தாராளமா தகுதி."

எனக்கு உயிர் வந்தது. கடவுள் இருக்கிறார், அவர் விதிப்புத்தகம் எழுதுகிறார் என்று நினைத்தேன். ஆன்ட்டி அட்டையைக் கையில் எடுத்தார். அசையவே அசையாத அந்த மனுஷி முதன்முறையாக நெளிந்தார். வளையலைத் திருகினார். நெற்றியைத் தேய்த்தார். வருடக்கணக்காக ஆசைப்பட்டது மேஜை மேல் இருக்கிறது, சரி என்று ஒரு சொல் சொன்னால் போதும்.

"இது என்னோடது," என்று ஓரத்தில் இருந்த ஓர் ஓட்டையைக் காட்டினார். எட்டு பாயிண்ட் வட்டம். "எனக்குத் தெரியும், கை இழுத்துடுச்சு. நடுவுல இருக்கிறதெல்லாம் என்னது இல்ல சார். இந்த அட்டை வேணாம். வேற போடுங்க, திருப்பிச் சுடுறேன்."

"மேடம், ரூல் அப்படி இல்ல..."

ஆன்ட்டி அன்று சேலையூர் சோபாவில் உட்கார்ந்து என்னைப் பார்த்தது போல அவரையும் வெறுமனே பார்த்தார். புது அட்டை போட்டார்கள்.

என்னை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். கை இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். தூறல் விழ ஆரம்பித்தது. ஆன்ட்டி ஐந்து முறை சுட்டார். தனசேகர் சார் கூட்டிப் பார்த்தார். மறுபடி கூட்டிப் பார்த்தார்.

ஒரு பாயிண்டில் போச்சு.

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஸ்ட்ராபெர்ரி கையுறையால் துடைத்துக்கொண்டேன். நல்ல பேர் வாங்கப் போய், அந்த அம்மாவின் ஒரு வருடத்தையே நாசம் பண்ணியிருக்கிறேன். கல்யாணம் போனால் போகிறது. (போகக் கூடாதுதான். ஆனால் அந்த நேரத்தில் நிஜமாகவே அப்படித்தான் தோன்றியது.)

திரும்பும்போது பிரபு கார் ஓட்டினான். முன்னால் ஆன்ட்டி. பின்னால் நானும் பாயும். மழையில் பெருங்களத்தூர் வரை வண்டிகள் எறும்பாக ஊர்ந்தன. நான் மட்டும் வைப்பர் போகும்போது ஒரு "சாரி ஆன்ட்டி", வரும்போது ஒரு "சாரி ஆன்ட்டி" என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

"பவானி," என்றார் ஆன்ட்டி, திரும்பாமலே. "அந்த மூணு குண்டும் எங்க பட்டுதுன்னு பாத்தியா?"

"உங்க அட்டையில ஆன்ட்டி."

"அது ஊருக்கே தெரியும். அட்டையில எங்க?"

"தெரியல ஆன்ட்டி. எங்கிட்ட டெலஸ்கோப் இல்ல."

"மூணும் நட்ட நடுவுல, பத்து பாயிண்ட்," என்றார். கண்ணாடியில் படிந்த ஆவியைக் கையால் துடைத்தார். "அத்தன பேரு கத்துறாங்க, நீ இம்மி அசையல. நானா இருந்தா ரெண்டாவது குண்டே வானத்துல போயிருக்கும்." பிறகு பிரபுவிடம், "அவங்க வீட்டுக்கு என்னிக்கு வரலாம்னு கேளுடா. பின்னாலதானே உக்காந்திருக்கா," என்றார்.

நான் துள்ளி எழுந்ததில் காரின் கூரையில் தலை இடித்தது.

ஒரே ஒரு நிபந்தனை போட்டார். அவர் போட்டி சுடும் நாளில் நான் தாம்பரத்தைத் தாண்டி அந்தப் பக்கம் வரக் கூடாது. அடுத்த வருடம் அவர் தகுதி பெற்ற அன்று நான் குரோம்பேட்டையில் அக்கா வீட்டு மொட்டைமாடியில் நடந்துகொண்டே இருந்தேன். அதற்குள் எங்கள் கல்யாணமும் முடிந்திருந்தது. பிரபு தாலியைக் கையில் எடுத்த நேரத்தில், மேளச் சத்தத்தையும் மீறிப் பின்னாலிருந்து திருமுடிவாக்கம் மாமாவின் குரல் வந்தது: "மாப்ள, லேன் பாத்துக் கட்டு!" அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் சாம்பாரை இலை மாற்றி ஊற்றினாலும், யார் செருப்பை யார் போட்டுக்கொண்டு போனாலும், லேன் மாறிடுச்சு என்றுதான் பேச்சு.

மஞ்சள் மஃப் இப்போது சேலையூர் வீட்டு ஹாலில், நான் ஒருகாலத்தில் பிடுங்கிய அதே காலண்டர் ஆணியில் தொங்குகிறது. சாயங்காலம் நான் ஆபீசிலிருந்து வந்து, செருப்பைக் கழற்றும்போதே பேச ஆரம்பிப்பேன். அத்தை (ஆன்ட்டி, அத்தையாகி வருடங்கள் ஆகிவிட்டன) மஃபை எடுத்து மாட்டிக்கொண்டு காய் நறுக்குவார். நானும் நிறுத்துவதில்லை. கேட்காதவரிடம் பேசுவதில் ஒரு சௌகரியம் இருக்கிறது.

போன மாதம் ஒருநாள் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன். நடுவில் முணுமுணுப்பாக, "இன்னிக்கும் பீன்ஸா," என்றேன்.

"நாளைக்கு வெண்டக்கா," என்றார் அத்தை, தலை நிமிராமல்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அத்தை, உங்களுக்குக் கேக்குதா?"

"கேக்குதே."

"எப்பலேருந்து?"

"ஆரம்பத்துலேருந்தே. கொஞ்சம் மெதுவாக் கேக்கும். அதுக்குத்தானே போடுறேன்." கத்தியைக் கீழே வைத்தார். "ரொம்ப நாளா ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன் பவானி. நீ முனகுறதே இதுல கேக்குதுன்னா, அன்னிக்கு தனசேகர் சார் கத்துனது உனக்கு எப்படிக் கேக்காம போச்சு?"

இத்தனை வருடம் நான் சொல்லிவந்த ஒரே சமாதானம் அந்த மஃப்தான். மாமா கேரண்டி கொடுத்த மஃப்.

"பழசாயிடுச்சு அத்தை. உள்ள இருக்குற பஞ்சு தேஞ்சிருக்கும். அப்பல்லாம் சுத்தமா ஒண்ணும் கேக்காது. இப்பவும் சத்தம் தள்ளியிருந்து வந்தா கேக்காது," என்றேன், பிடி விடாமல்.

அத்தை எழுந்தார். மஃபைக் கழற்றி என் தலையில் மாட்டினார். இரண்டு காதும் மூடியிருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தார். பிறகு சமையலறையைத் தாண்டி, கொல்லைப்பக்கம் போய், கதவையும் சாத்திக்கொண்டு, அங்கிருந்து குரல் கொடுத்தார்.

"ஸ்டாப்! பவானி, கேக்குதா?"

நானும் விடவில்லை. இங்கிருந்தே பலமாகக் கத்தினேன்.

"சுத்தமா கேக்கல அத்தை!"